கிளிக்குச் சொல்லிக் கொடுத்த பெயர்

பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த ஒரு மதியம். வாலாஜாபாத்துக்கு யூரியா வாங்கப் போன என் வீட்டுக்காரர், யூரியா இல்லாமல் டி.வி.எஸ். வண்டியில் வந்து இறங்கினார். தோளில் கிடக்க வேண்டிய துண்டை நெஞ்சோடு சுருட்டிப் பிடித்திருந்தார். துண்டு அசைந்தது.

"இன்னாங்க அது?"

"யூரியா இல்லியாம். இதான் இருந்துச்சு. இட்டாந்துட்டேன்."

துண்டைப் பிரித்தார். உள்ளே ஒரு கிளிக்குஞ்சு. கிளி என்று சொன்னால்தான் கிளி என்று தெரியும். உடம்பில் பாதி வெறும் தோல், மீதி முள் முள்ளாய் இறகுக் குருத்து. உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை. எண்ணெய் போடாத கதவு மாதிரி ஒரு சத்தம்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "நெல்லு பால் புடிக்கறப்பல்லாம் டின்ன தட்டி வெரட்டிக்கினு இருந்தீங்களே, அந்தக் கிளியா இது? வெரட்டினத எல்லாம் இப்ப வூட்டுக்கு இட்டாந்து சோறு போடணுமா?"

"வெரட்டின பாவத்துக்குத்தான்," என்றார். முகத்தில் சிரிப்பு.

சந்தைப் பக்கம் ஒருவன் கூடையில் நான்கைந்து குஞ்சுகளை வைத்துக்கொண்டு நின்றானாம். ஏரிக்கரைப் பனைமரப் பொந்துகளிலிருந்து எடுத்தவை. கூடையை ஈரச் சாக்குப் போட்டு மூடியிருந்தானாம். நம் ஊர்க் கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் சட்டப்படி குற்றம் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. தெரியாது என்று சொல்வதுகூடப் பாதி உண்மைதான். சாக்குப் போட்டு மூடி ஒருவன் விற்கிறான் என்றால், அதிலேயே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

"எதுக்குங்க இது நமக்கு? பொண்ணு கட்டிக் குடுத்தாச்சி, நானும் ரிட்டேர் ஆயிட்டேன். நிம்மதியா இருக்க வுட மாட்டீங்களா?"

அவர் குஞ்சை என் கையில் வைத்தார். சூடாக இருந்தது. "நீதான் என் பேர சொல்ல மாட்டேங்கற டீச்சரே," என்றார். "இதுவாச்சும் சொல்லட்டும்."

சொல்லாத பெயர்

வாராவாரம் நான் எழுதும் இந்தத் தொடரைப் படித்துவரும் ஒரு அம்மா போன மாதம் எனக்கு எழுதியிருந்தார். "இத்தனை வாரமாக உங்கள் வீட்டு மாட்டின் பெயரைக்கூட எழுதிவிட்டீர்கள். வீட்டுக்காரர் பெயரை மட்டும் எங்கேயும் காணோமே?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. இந்த வாரம் அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

புருஷன் பேரைப் பொண்டாட்டி சொல்லிக் கூப்பிட்டால் அவனுக்கு ஆயுசு குறையும். கல்யாணத்துக்கு முதல் நாள் என் அம்மா தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே இதைச் சொன்னாள். வேறு எத்தனையோ சொன்னாள், எல்லாம் மறந்துவிட்டது. இது மட்டும் ஒட்டிக்கொண்டது.

ரேஷன் கடையிலும் பேங்கிலும் ஓட்டுப் போடும் இடத்திலும் இதனால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டால், "காஞ்சிபுரத்துல மாமரத்தடியில கீறாரே, அந்தச் சாமி பேரு" என்பேன். எங்கள் பக்கத்து ஆட்கள் உடனே எழுதிக்கொள்வார்கள். ஒரு முறை வெளியூர்ப் பெண் ஒருத்தி பேங்கில் உட்கார்ந்திருந்தாள். "முனீஸ்வரனா? மாரியப்பனா?" என்று ஒவ்வொரு சாமியாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். பின்னால் வரிசையில் நின்ற யாரோ கத்தி அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இத்தனைக்கும் நான் பால்வாடி டீச்சர். முப்பது வருஷத்துக்கு மேல் மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் பேசச் சொல்லிக் கொடுத்தவள். அங்கே முதல் பாடமே, "உன் பேரு என்ன? உங்க அப்பா பேரு என்ன?" என்பதுதான். எங்கள் ஊரிலும் பக்கத்து ஊரான காவாந்தண்டலத்திலும் பாதிப் பேருடைய அப்பா பெயர் எனக்கு மனப்பாடம். என் மகள் மலருக்கு மட்டும் அவள் அப்பா பெயரை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரே சொல்லிக் கொடுத்தார். அவள் முதல் தடவை தப்பில்லாமல் சொன்ன அன்று, அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

பேச்சு வரட்டும் என்று பிள்ளைக்கு நாக்கில் வசம்பு தடவாதே, ஊசி போட பயப்படாதே என்று வீடு வீடாகப் போய்ப் புத்தி சொன்ன வாய் இது. அந்த வாய்க்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் புத்தி வரவில்லை. அவரும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. கிண்டலாகத்தான் கேட்பார். கிண்டலுக்குள்ளே ஆசையும் இருந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சிரித்து மழுப்பிக்கொண்டிருந்தேன்.

பாலாடை

குஞ்சு என் தலையில்தான் விழும் என்று எனக்குத் தெரியும். விழுந்தது.

மலருக்குப் பால் புகட்டிய பாலாடையைப் பரணிலிருந்து எடுத்தேன். பொட்டுக்கடலையை மாவாக்கி, வெந்நீரில் கூழ் மாதிரிக் கரைத்து, ஆறவைத்து ஊட்ட வேண்டும். தொண்டைக்குக் கீழே ஒரு பை இருக்கிறது. அது உப்பி, பக்கவாட்டில் சின்னக் கோலிக்குண்டு மாதிரித் தெரிந்தால் வயிறு நிறைந்தது என்று அர்த்தம். அதற்கு மேல் ஊட்டினால் மூச்சு அடைத்துவிடும். நான் இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாளானது. அந்த இரண்டு நாளும் குஞ்சு பிழைத்ததே பெரிய விஷயம்.

முறத்தில் பழைய நூல் புடவையை மடித்துப் போட்டுப் படுக்க வைத்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அந்த எண்ணெய் போடாத கதவுச் சத்தம் கேட்கும். எங்கே இருந்தாலும் ஓடி வருவேன். இறகு பச்சையாய் விரிந்தது. வால் நீண்டது. அலகால் கவ்விக்கவ்வி என் புடவையைப் பிடித்து ஏறித் தோளில் உட்காரக் கற்றுக்கொண்டது. என் காதுத் தோட்டைக் கடித்தது. துணி கிளிப்புகளை வரிசையாக உடைத்தது. கூழிலிருந்து ஊறவைத்த கடலைக்கு வந்தது, அப்புறம் கொய்யா, அப்புறம் வேலியில் பழுத்த கோவைப்பழம்.

ஆனி மாதம் வாக்கில் ஒரு நாள், தத்தித் தத்தி மோட்டார் கொட்டகை வரைக்கும் பறந்துவிட்டது. பூனை பார்த்துக்கொண்டிருந்தது. இறகை வெட்டிவிடச் சொல்லி விற்றவன் அன்றைக்கே சொல்லியிருந்தானாம். அவர் வெட்ட மாட்டேன் என்றார். "பாவம்மே, பறக்கறதுக்குன்னு இருக்கறது" என்று நகர்ந்துவிட்டார். பால்வாடியில் சார்ட் பேப்பர் வெட்டிய கத்தரிக்கோலால் நான்தான் வெட்டினேன். ஒரு பக்கத்து இறக்கையில் நீளமான ஐந்து இறகுகள். அதற்கு வலிக்கவில்லை. ஆனால் அது திரும்பி என் முகத்தைப் பார்த்தது.

சின்ன டீச்சர்

அதற்கு அவர் வைத்த பெயர் சின்ன டீச்சர். "பெரிய டீச்சரு சொல்லல, சின்ன டீச்சரு சொல்லும் பாரு" என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தார்.

தினமும் காலையில் டீத்தண்ணி குடித்துவிட்டு, அதற்கு வாங்கிப்போட்ட கூண்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்காருவார். தன் பெயரைத் தானே சொல்லுவார். மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, பால்வாடியில் நான் சொல்வது போலவே. ஒரு ஆம்பளை தன் பெயரைத் தானே கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு அடங்காது. கிளி தலையைச் சாய்த்துக் கேட்கும். பிறகு கம்பியைக் கடிக்கப் போய்விடும்.

எனக்குத் தெரியாமல் அதன் நாக்கில் வசம்பு உரைத்துத் தடவியிருக்கிறார். அது தலையை உதறு உதறு என்று உதறியதைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். "ஊரு புள்ளைங்களுக்கே தடவாதேன்னு சொல்றவ நான். என் வூட்லயே இன்னா வேல இது?" என்று சத்தம் போட்டேன். திருட்டு முழி முழித்தார்.

ஐப்பசி மழையில்தான் அது முதல் முதலாகப் பேசியது. அடுப்படியில் இருந்தேன். "ஏங்க" என்று ஒரு குரல். என் குரல். பின்பக்கம் மாட்டுக் கொட்டகையிலிருந்து அவர், "தோ வந்துட்டேன்" என்று சேற்றுக் காலோடு ஓடி வந்தார்.

"இன்னா கூப்ட்ட?"

"நான் எங்க கூப்ட்டேன்?"

"ஏங்க," என்றது கூண்டு.

இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்கப்புறம் அது கூப்பிடும்போதெல்லாம், கிளிதான் என்று தெரிந்தும், "தோ வந்துட்டேன்" என்று அவர் பதில் சொல்லுவார். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

ஆனால் விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. "யாரு கையால தின்னுதோ, அவங்க சொல்றதத்தான் இது சொல்லும்போல," என்றார். "நான் வருஷம் பூரா கத்தினாலும் வராது. நீ சொன்னாதான் வரும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் அரிசி களையப் போய்விட்டேன்.

வார்டு

சர்க்கரை அவருக்குப் பல வருஷமாக இருந்தது. அது கிட்னியைத் தின்றுகொண்டிருந்தது கார்த்திகையில்தான் தெரிந்தது. கால் வீங்கி, முகம் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்தது. பெரிய ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு இரண்டு நாள் ரத்தம் சுத்தம் செய்தார்கள். மார்கழி முடிவதற்குள் உள்ளேயே படுக்க வைத்துவிட்டார்கள். நல்ல டாக்டர்கள். மலரையும் என்னையும் உட்கார வைத்து, ரொம்ப லேட்டா வந்திருக்கீங்கம்மா, முடிந்ததைச் செய்கிறோம் என்று மறைக்காமல் சொன்னார்கள்.

மலர், வாழ்க்கைப்பட்ட ஊரான மாகறலிலிருந்து வந்து ஆஸ்பத்திரியில் தங்கிக்கொண்டாள். நான் காலையில் வீட்டில் மாட்டையும் கிளியையும் பார்த்துவிட்டு பஸ் ஏறிப் போவேன். சாயங்காலம் திரும்புவேன்.

ஒரு நாள் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தேன். கிளிக்கு ஊட்டிய பழக்கம், தொண்டையைப் பார்த்துப் பார்த்துப் புகட்டினேன். அவர் போதும் என்று கையைத் தள்ளினார்.

"சின்ன டீச்சரு சொல்லுச்சா?"

"இன்னா?"

"என் பேரு."

"இல்லீங்க."

"டீச்சரே, ஒரே ஒரு தபா நீ கூப்டேன்," என்றார். இந்தத் தடவை முகத்தில் கிண்டல் இல்லை.

"சும்மா இருங்க. வூட்டுக்கு வந்து சேருங்க மொதல்ல."

"கூப்டாதான் இன்னா?"

என்ன என்று நான் எப்படிச் சொல்லுவேன்? உங்கள் ஆயுசு குறையும் என்று, ஆயுசு எண்ணிக்கொண்டு படுத்திருக்கிற மனிதரிடம் எந்த வாயால் சொல்லுவது? அவருக்கும் அது தெரியும். கண்ணை மூடிக்கொண்டார். நான் தம்ளரைக் கழுவும் சாக்கில் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஏழு காலை

பஸ்ஸில் திரும்பும்போதுதான் அந்த யோசனை வந்தது. நான் சொன்னால்தானே தோஷம்? கிளி சொன்னால் என்ன? கிளி சொல்வதை போனில் பதிந்து கொண்டுபோய் அவர் காதில் வைத்தால் போதும். அவர் ஆசையும் தீரும், நானும் அவரை நேருக்கு நேர் கூப்பிட்டதாக ஆகாது.

முதலில் மலரிடம் சொல்லி, அவள் குரலில் பெயரைப் பதிந்து வாங்கிவந்தேன். கூண்டருகே போனை வைத்து ஓடவிட்டேன். கிளி போனைக் கடிக்கப் பார்த்ததே தவிரக் காது கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னேன். அவள் சொல்லச் சொல்ல, அது என்னைப் பார்த்து "ஏங்க" என்றது. வேறு வழியில்லை. அது என் கையால் தின்றது.

மறுநாள் காலை தெருக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். ஊறவைத்த கடலையைக் கையில் வைத்துக்கொண்டு கூண்டுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்தேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. சாமி படத்தைத் திரும்பிப் பார்த்து, "இது கிளிக்குத்தான், அவருக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெயரைச் சொன்னேன். முப்பத்தாறு வருஷத்தில் முதல் தடவை.

ஒன்றும் ஆகவில்லை. இடி இடிக்கவில்லை. மாடு கத்தியது, கிளி கடலையை எடுத்துக்கொண்டது. எனக்குத்தான் உடம்பு வேர்த்துவிட்டது. அடுத்த தடவை சுலபமாக வந்தது. மூன்றாவது தடவை, வெட்கமாக இருக்கிறது சொல்ல, இனித்தது. பத்துத் தடவை, இருபது தடவை சொன்னேன். கல்யாணமான புதிதில் கூப்பிட்டிருக்க வேண்டியது, மலர் பிறந்தபோது கூப்பிட்டிருக்க வேண்டியது, கோபத்தில் கூப்பிட்டிருக்க வேண்டியது, எல்லாவற்றையும் அந்தக் கூண்டுக்கு முன்னால் கூப்பிட்டேன்.

அப்படி ஏழு நாள். ஒவ்வொரு காலையும் போனைத் தயாராகக் கையில் வைத்திருந்தேன். கிளி தலையைச் சாய்த்துக் கேட்டது. தொண்டைக்குள் ஏதோ முணுமுணுத்தது. பெயர் மட்டும் வரவில்லை.

ஏழாம் நாள், கடலைக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அதே போனில் மலர் கூப்பிட்டாள். "யம்மா" என்றாள். பிறகு அவள் அழுகைதான் கேட்டது.

யார் கூப்பிட்டது?

நான் ஏழு நாள் பெயரைச் சொன்னேன், ஏழாம் நாள் அவர் போனார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டார். படித்தவள் நான், நாலு பேருக்குப் புத்தி சொன்னவள். ஆனாலும் தனியாக இருக்கும்போது விரல்கள் தானாக ஏழு வரைக்கும் எண்ணுகின்றன. இதை எழுதும்போதும் எண்ணிப் பார்த்தேன்.

இதைவிடப் பெரிய வலி ஒன்று இருக்கிறது. ஆயுசு குறைந்தது அதனால்தான் என்றே வைத்துக்கொள்வோம். குறையத்தான் போகிறது என்று தெரிந்திருந்தால், கிளியிடம் சொன்னதை அவரிடமே சொல்லியிருக்கலாமே. காதில் ஒரே ஒரு தடவை. அதைக் கிளிக்குக் கொடுத்துவிட்டு அவருக்குக் கொடுக்காமல் விட்டேன். என்னைப் போல மடச்சி உண்டா?

கருமாதி முடிந்து சொந்தபந்தமெல்லாம் கிளம்பிப் போன பிறகு, மலர் மட்டும் துணைக்கு இருந்தாள். ஒரு காலை. நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். அவள் பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கூண்டிலிருந்து "ஏங்க" என்று கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை. இன்னொரு முறை "ஏங்க." அப்புறம் கொஞ்சம் இடைவெளி. அப்புறம் அவர் பெயர். முழுசாக, தெளிவாக, ஒரு எழுத்துத் தப்பாமல். என் குரலில், நான் மூன்றாம் தடவை சொன்னபோது இருந்த அதே குழைவோடு.

மலர் கை ஈரத்தோடு ஓடி வந்து நிலைப்படியில் நின்றாள். அப்பாவை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள்.

"யம்மா, நைனா பேர சொல்லிக் கூப்ட்டது யாரு? நீயா?"

கிளி என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது. நான் பாலை இறக்கவில்லை.

"ஆமாம்மா, நான்தான் கூப்ட்டேன்," என்றேன்.

அவள் வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். கூண்டில் அது திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தது. கடலைக்காகத்தான் சொன்னது, பாவம்.

பதிவேடு

கிளி வளர்ப்பது கேஸாகும் என்று மலர்தான் போனில் பார்த்துச் சொன்னாள். தானாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் நல்லது என்றாள். நான் ஒரு மாதம் தட்டிக்கழித்தேன். அந்தக் குரலைக் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. வெட்டின இறகு இருந்த இடத்தில் அது தினமும் அலகை விட்டுக் கோதுவதைப் பார்த்தபோதுதான் மனசு முடிவுக்கு வந்தது.

கூண்டை அவருடைய துண்டால் மூடி எடுத்துப்போனோம். வனத்துறை அலுவலகத்தில் ஒரு இளம்பெண் இருந்தாள். திட்டுவாளோ என்று பயந்தேன். திட்டவில்லை. இறக்கையை விரித்துப் பார்த்தாள். "இறகு உதிர்ந்து புதுசா முளைக்கும்மா. அதுவரைக்கும் மத்த கிளிங்களோட பெரிய கூண்டுல வுடுவோம். பறக்க ஆரம்பிச்சதும் வெளிய வுட்டுடுவோம்," என்றாள். பிறகு ஒரு பெரிய நோட்டைத் திறந்தாள்.

"பேசுமாம்மா?"

"ரெண்டே வார்த்த பேசும்."

"இன்னா சொல்லும்?"

"ஒண்ணு, ஏங்க."

சிரித்துக்கொண்டே எழுதினாள். "இன்னொண்ணு?"

காஞ்சிபுரத்துல மாமரத்தடியில என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினேன். மலர் என் முகத்தைப் பார்க்காமல் கூண்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏகாம்பரம்," என்றேன். "என் வூட்டுக்காரர் பேரு."

அந்தப் பெண் எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டாள். "இன்னொரு தபா சொல்லுங்கம்மா, சரியா எழுதிக்கினேனான்னு பாத்துக்கறேன்," என்றாள்.

இன்னொரு தபா சொன்னேன். அவர் என்னைக் கேட்டது ஒரே ஒரு தபாதான்.